கொதிப்பு என்ற சொல்

சென்ற நான்கு வருஷங்களில் நான் ஓரளவு ஒழுங்காக எழுதி வந்திருப்பது ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான். வருஷப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக வங்கியில் மிஞ்சிய டைரி அது. தேதி, மணி, எந்தக் கை, மேல் எண், கீழ் எண், நாடித் துடிப்பு என்று ஆறு பத்திகள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இதே காலத்தில் நான் எழுதிய விமர்சனக் கட்டுரைகள் நான்கு. அவற்றில் ஒன்றை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை. டைரியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். வியாதியைப் பற்றிப் பேசுகிறவனிடம் கேட்பவருக்கு ஒருவிதக் கடன் ஏற்பட்டுவிடுகிறது. அதை நான் விரும்பவில்லை. ஆனால் என் வீட்டில் இந்த வியாதி கவனிக்கப்படாமல் போனதற்கு ஒரு சொல்லும் காரணம். சொற்களைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றே இப்போது தோன்றுகிறது.

அப்பா திருவள்ளூரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சம்பளம் தராமல் மூன்று மாதம் இழுத்தடித்த முதலாளியைப் பற்றிக்கூட, "அவருக்கு என்ன முடையோ" என்றுதான் சொல்வார். 2011 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, குளித்துவிட்டு வந்தவர் சட்டையின் வலது கைக்குள் கையை நுழைக்க முடியாமல் நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அளந்தபோது 220க்கு 130. அவருடைய ஐம்பத்தேழு வயதில் அவர் கையில் பட்டை சுற்றி யாரும் அளந்தது அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் இறந்துபோனார்.

"ரொம்ப நாளாகவே ரத்தக் கொதிப்பு இருந்திருக்க வேண்டும்" என்றார் டாக்டர். அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்தாள்: "கொதிப்பா? உங்கப்பாவுக்கா? அந்த மனுஷன் ஒரு நாளாவது கொதிச்சு நீ பாத்திருக்கியாடா?"

நான் பார்த்ததில்லை. அம்மா கேட்டது மொழியளவில் சரியான கேள்வி. ரத்தக் கொதிப்பு என்றால் ரத்தம் கொதிக்க வேண்டும். ரத்தம் கொதிக்கிறவன் கோபக்காரனாக இருக்க வேண்டும். முகம் சிவக்க வேண்டும், நரம்பு புடைக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். பால்காரனிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரை எல்லோரிடமும் கத்துவார். அவருக்குக் கொதிப்பு என்று தெருவே சொல்லும், அவரும் மாத்திரை சாப்பிட்டார். எண்பது வயது வரை இருந்தார். சாதுவான மனிதருக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. அதனால் யாருக்கும் அவரை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஸூஸன் ஸொன்டாக் 1978இல் நோயை உருவகமாக்குவதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். க்ஷயத்தையும் புற்றுநோயையும் வைத்து எழுதப்பட்டது அது. நம்முடைய ரத்தக் கொதிப்பையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். இதில் ஆங்கிலமும் நமக்கு உதவவில்லை. ஹைப்பர்டென்ஷன் என்பதில் உள்ள டென்ஷன் ரத்தக் குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசை. நாம் அதைப் பஸ் தவறிப்போனவனின் டென்ஷனாக ஆக்கிக்கொண்டோம். "டென்ஷன் ஆகாதீங்க, பிரஷர் ஏறும்" என்று ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். கோபத்தில் அழுத்தம் ஏறுவது உண்மை. கொஞ்ச நேரத்தில் இறங்கியும் விடுகிறது. வியாதி என்பது, கோபமே இல்லாதபோதும், மாடியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும், அது இறங்காமல் இருப்பது.

எங்கள் ஊர்ப் பெருமாள் வைத்திய வீரராகவர். கோயில் குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி என்று பெயர். நெஞ்சின் தாபத்தை அழிப்பது என்று பொருள். அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் வந்து வெல்லத்தைக் கரைத்துவிட்டுப் போகிறார்கள். அப்பாவும் மாதம் தவறாமல் போனவர்தான். தாபம் என்பது வெப்பமாகவும் இருக்கலாம், துயரமாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அனுபவிக்கிறவனுக்குத் தெரியும், குளத்தில் போய்ச் சொல்ல முடியும். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று நாம் நம்பும் அறிகுறிகளும் அநேகருக்கு வருவதில்லை. வருஷக்கணக்கில் அது மூளையின் சிறு குழாய்களிலும் சிறுநீரகத்திலும் விழித்திரையிலும் வேலை செய்துகொண்டிருக்கும். முறையிட ஒன்றும் இருக்காது.

*

என் வேலை கும்மிடிப்பூண்டிக் கிளையில். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே மாறி, வடக்கே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. நான் படித்தது எல்லாம் இந்த ஐந்து மணியில் படித்ததுதான்.

2022 மார்ச்சில் சிப்காட் வளாகத்தில் ஓர் இரும்பு உருட்டாலைக்குப் போனோம், தொழிலாளர்களுக்குச் சம்பளக் கணக்கு தொடங்குவதற்காக. அதே நாளில் அதே கொட்டகையில் மருத்துவ முகாமும் போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் நான் படிவங்களுடன். அடுத்த மேஜையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸம்மா அழுத்தமானியுடன். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பீகார், ஒரிஸ்ஸாப் பையன்கள். உலையிலிருந்து வரும் அனல் கொட்டகை வரை வீசியது. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் நர்ஸம்மா என்னைப் பார்த்து, "சார், நீங்களும் ஒரு தடவ பாத்துக்கோங்க" என்றார். மரியாதைக்காகப் போய் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. ஏதோ பேசிக்கொண்டே கையை நீட்டினேன்.

"பேசாதீங்க சார். பேசினா ஏறும்."

168க்கு 106. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். 164க்கு 104. எனக்குப் பின்னால் இருந்த பையனுக்கு இருபத்துநான்கு வயதிருக்கும். சற்று முன்புதான் அவன் படிவத்தை நான் நிரப்பியிருந்தேன். அவனுக்கு 172க்கு 110. அவன் சிரித்துக்கொண்டே, "குச் நஹீ ஹுவா" என்றான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் அதை நர்ஸம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அதையே நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது ரயிலில்தான் உறைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அப்பாவின் பட்டை சுற்றிய கை நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பலமாக ஒருவிதப் பெருமையும் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பொருந்தாத அந்தச் சொல் எனக்குப் பொருந்தியது. நான் கோபக்காரன். கோபம்தான் என் விமர்சனத்தின் ஆதாரம் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள், எதிரிகளும் சொல்லியிருக்கிறார்கள். போலியான கவிதையைப் படித்தால் எனக்குக் காது சூடாகும். ஆகவே என் எண்கள் என் எழுத்துக்குக் கிடைத்த சான்றிதழ் போல இருந்தன.

*

இந்த எண்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைப் படித்த பிறகுதான் அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையைக் கட்டிப் படுக்க வைத்து அதன் தமனியில் குழாய் செருகினார்; அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. 1733இல் இதை வெளியிட்டார். மனிதனைக் கீறாமல் அளக்க வழி கிடைப்பதற்கு அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தாலியில் ரிவா ரோச்சி 1896இல் கையில் சுற்றும் காற்றுப் பட்டையைச் செய்தார். நாடி மறைகிற இடத்தைப் பாதரசக் குழாயில் பார்த்துக்கொள்வது அவர் முறை. அதில் மேல் எண் மட்டும்தான் கிடைத்தது. 1905இல் கொரோட்காஃப் என்ற ரஷ்ய ராணுவ டாக்டர் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டையைத் தளர்த்தும்போது ஒலி தொடங்கும் இடம் மேல் எண், ஒலி அடங்கும் இடம் கீழ் எண். நாம் இன்றும் சொல்லும் இரண்டு எண்கள் அப்படி வந்தவை. பாதரசம் நஞ்சு என்பதால் அந்தக் கருவி விலக்கப்பட்டு வருகிறது. என் வீட்டுக் கருவியில் ஒரு சொட்டும் கிடையாது. அளவு மட்டும் இன்னும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்லப்படுகிறது.

அளக்கத் தெரிந்த பிறகும் டாக்டர்களே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார்கள். காரணம் தெரியாமல் வரும் உயர் அழுத்தத்துக்கு 'எஸென்ஷியல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குறுகிப்போன குழாய்களில் ரத்தத்தைத் தள்ளுவதற்கு அந்த அழுத்தம் அவசியம், எனவே அதைத் தொடக்கூடாது என்று அநேகர் நம்பினார்கள். அந்தப் பெயரும் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. லிவர்பூலைச் சேர்ந்த ஜான் ஹே 1931இல் ஓர் உரையில், இந்த நோயாளிக்குள்ள மிகப் பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதுதான், ஏனென்றால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்ற அர்த்தத்தில் பேசினார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300க்கு 190. அவருடைய டாக்டர்களிடமும் அதைக் குறைக்க நல்ல மருந்து இருக்கவில்லை.

அந்த மருந்துகளில் ஆரம்பகாலத்தது ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேரைப் பற்றிப் பம்பாய் டாக்டர் ரஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்ன'லில் எழுதினார். மூன்று வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்தில் அதிலிருந்து ரிஸர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக 1950களில் டாக்டர்கள் எழுதினார்கள். அந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பதில் பின்னால் கருத்து வேற்றுமைகள் வந்தன.

இந்தக் கடைசி விஷயம் ஒரு நண்பர் மூலம் என்னிடம் வந்து சேர்ந்தது. கவிஞர். நம் கூட்டங்களில் எல்லோரையும்விட அதிகம் பேசுபவர். "மாத்திரை போட்டால் எழுத்து போய்விடும் அய்யா. ரத்தம் ஆறிப்போனவன் என்ன எழுதுவான்?" என்றார். எனக்கு எழுதிக் கொடுத்தது ரிஸர்பின் இல்லை, அம்லோடிபின் 5 மில்லிகிராம். ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் போவதைத் தடுத்துச் சுவரைத் தளர்த்துவது அதன் வேலை. கணுக்கால் கொஞ்சம் வீங்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் ஒரு மோசமான நாவலைப் படித்தபோது காது சூடாகவில்லை. மாத்திரைதான் காரணம் என்று முடிவு செய்தேன். நிறுத்திவிட்டேன்.

நான்கு மாதம். நன்றாகவே இருந்தேன். முன்னே சொன்ன அந்த மன்னிக்கப்படாத கட்டுரையை அப்போதுதான் எழுதினேன். 2022 கடைசியில் டாக்டரிடம் போனபோது 182க்கு 114. எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. அதிக எடை தூக்குகிறவனின் புஜம் தடிப்பது போல என்று விளக்கினார். இங்கே தடிப்பு பலத்துக்கு அடையாளம் இல்லை. "இது நாலு மாசத்துல வந்ததில்ல. வருஷக்கணக்கா நடந்துகிட்டிருந்திருக்கு" என்றார். என் கட்டுரைகள் எதையும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அது ஆரம்பித்திருக்கலாம். கோபத்துக்கும் அதற்கும் நான் போட்டிருந்த முடிச்சு அங்கே அவிழ்ந்தது. அந்தக் கட்டுரையைப் பிறகு எடுத்துப் படித்தேன். நாவலைப் பற்றிய வாதம் சரி. கோபம் இருந்த பத்திகளில் வாதம் இல்லை.

*

அதன் பிறகுதான் டைரி. அளப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. அரை மணிக்கு முன்னால் காப்பி, சிகரெட் கூடாது. மூத்திரம் அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், கை இதயத்தின் மட்டத்தில் மேஜைமேல் இருக்க, ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில். கைக்குச் சிறிய பட்டையானால் எண் கூடிக் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன், இரவில் சாப்பாட்டுக்கு முன். டாக்டரைப் பார்க்கும் முன் ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மற்றதைச் சராசரி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் 140க்கு 90 என்ற வரம்புக்கு வீட்டில் 135க்கு 85 சமம். டாக்டர் முன்னால் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு, அங்கே மட்டும் இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை இன்னும் ஏமாற்றக்கூடியது.

பாங்கில் யாரும் ஒரு சீட்டைப் பார்த்து ஒருவருடைய கணக்கைத் தீர்மானிப்பதில்லை. நானோ ஒரு கவிதையைப் படித்து ஒரு கவிஞரைத் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். ஆரம்பத்தில் டைரியிலும் அதையே செய்தேன். 128 வந்த அன்று ஜெயித்தேன், 150 வந்த அன்று தோற்றேன். ஆறு மாதம் கழித்துத்தான் தனி எண்ணில் ஒன்றும் இல்லை, போக்கில்தான் விஷயம் என்பது புத்தியில் ஏறியது. வரம்பும் மனிதர் போட்ட கோடுதான். 2017 நவம்பரில் அமெரிக்க நிபுணர்கள் அதை 130க்கு 80 என்று இறக்கினார்கள். முந்தின நாள் வரை ஆரோக்கியமாக இருந்த கோடிக்கணக்கான பேர் அன்று நோயாளிகள் ஆனார்கள். நம் நாட்டுத் திட்டம் 140க்கு 90இல் நிற்கிறது. கோடு எங்கே இருந்தாலும் கோட்டுக்கு மேலே போகப் போக ஆபத்து கூடுகிறது என்பதில் சர்ச்சை இல்லை.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி. அம்மாவின் நார்த்தங்காயும் கருவாடும் அதற்குள் அடங்கவில்லை. மாதக்கணக்கில் சண்டை போட்டுப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். அவளும் ஒரு நாள் கையை நீட்டினாள். 156க்கு 92. ஒரு வாரம் எடுத்துப் பார்த்தும் இறங்கவில்லை. "நான் எங்கேடா கொதிக்கிறேன்" என்றாள். பிறகு பதினொரு வருஷத்துக்கு முந்திய தன் கேள்வி ஞாபகம் வந்ததோ என்னவோ, மேலே பேசவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அம்மாவை அளந்துவிட்டு மாத்திரை கொடுத்துப் போகிறார். அப்பாவைத் தேடி யாரும் வந்திருக்கவில்லை. அந்த நாளில் நாமாகத் தேடிப் போக வேண்டும். தேடிப் போவதற்கு ஏதாவது வலிக்க வேண்டும்.

2017இல் இந்தியாவில் சில மாநிலங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், எங்கள் மாவட்டத்து அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு. அதன் யோசனை எளிமையானது: எல்லோருக்கும் ஒரே வரிசையில் சில மலிவான மாத்திரைகள், நோயாளிக்கு ஓர் அட்டை, வராதவரைத் தேடுதல். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம் என்பதைக் கும்மிடிப்பூண்டியில் பார்த்தேன். அந்தப் பீகார்ப் பையன் 2023 தொடக்கத்தில் கைபேசி எண் மாற்ற என் கவுண்டருக்கு வந்தான். அடையாளம் தெரிந்து, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். முகாமில் கொடுத்தது ஒரு மாதம் வந்தது, அப்புறம் சட் பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டேன் என்றான். வாரம் விட்டு வாரம் ராத்திரி ஷிஃப்ட். தூக்கத்தில் அழுத்தம் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்க வேண்டும். அவனுக்கு எப்போது தூக்கம் என்று அவன் உடம்புக்கே தெரியாது. உலை முன்னால் வேர்த்துக் கொட்டுகிறவனிடம் உப்பைக் குறை என்று எப்படிச் சொல்வது? சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். "குச் நஹீ ஹுவா, சாப்" என்றான். அப்போது என் டைரியில் மூன்று மாதம் எழுதியிருந்தேன். அதைக் காட்டியிருக்கலாம். எனக்குப் பின்னால் மானேஜர் நின்றுகொண்டிருந்தார், வரிசை நீண்டிருந்தது. காட்டவில்லை.

அந்த வருஷம் ஜூலைக்குப் பிறகு அவன் கணக்கில் சம்பளம் வரவில்லை. வேறு ஆலைக்குப் போயிருக்கலாம், ஊருக்கே போயிருக்கலாம். அவன் கொடுத்த எண்ணுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. வங்கிக்காரனுக்குத் தெரிவது அவ்வளவுதான். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

என்னுடைய எண்கள் இப்போது பெரும்பாலும் 130க்குக் கீழே இருக்கின்றன. இரண்டு மாத்திரை. மோசமான கவிதைக்குக் காது பழையபடி சூடாகிறது. மாத்திரை அதைத் தொடவில்லை. எழுதுவதற்கு முன் இரண்டாம் தடவை படிக்கிறேன் என்பது மட்டும் வித்தியாசம். அதற்கு மாத்திரையைக் காரணம் சொல்ல முடியாது.

கவிஞர் நண்பர் இன்றுவரை அளந்துகொள்ளவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்கிறார். அடுத்த கூட்டத்துக்கு என் கருவியை எடுத்து வரப்போகிறேன். நாம் ஏழெட்டுப் பேர்தான் வருகிறோம், முக்கால் மணியில் எல்லோரையும் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். நம் கூட்டத்தில் அது நடக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.